தன்னைக் கடவுள் என்று அவனே சொல்லிக்கொண்டானா? கிரேக்கப் பட்டப்பெயர்கள் குறித்து

கேள்வி: ஜனவரி 4, மாலை 6.10

கல்லூரி நூலகத்தில் கிடைத்த புத்தகம் ஒன்றில், அலெக்சாண்டருக்குப் பிறகு வந்த கிரேக்க அரசர்களின் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒருவன் ‘மீட்பன்’, அடுத்தவன் ‘உபகாரி’, இன்னொருவன் நேரடியாகவே ‘கடவுள்’. தங்களுக்குத் தாங்களே இப்படிப் பெயர் சூட்டிக்கொண்டவர்களைத் தலைக்கனம் பிடித்தவர்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாமா, வேறு ஏதாவது இருக்கிறதா?

ஜனவரி 4, இரவு 9.40

தம்பி, ‘தங்களுக்குத் தாங்களே’ என்ற இரண்டு சொற்களை முதலில் அடித்துவிடுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

கி.மு. 307இல் ஏதென்ஸில் நடந்ததைப் பாருங்கள். மாசிடோனியத் தளபதி கசாண்டரின் ஆளிடம் பத்தாண்டு சிக்கியிருந்த நகரத்தை, கசாண்டரின் எதிரணித் தளபதி டெமெட்ரியஸ் கடல் வழியாக வந்து விடுவித்தான். அவனுடைய தந்தை அந்திகோனஸ் நகரத்துக்கு ஒன்றரை லட்சம் மெடிம்னஸ் கோதுமையும், நூறு போர்க்கப்பல் கட்ட மரமும் தருவதாகச் சொன்னான். மெடிம்னஸ் என்பது ஒரு பெரிய மூட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே நகர மன்றம் கூடித் தீர்மானம் மேல் தீர்மானமாகப் போட்டது. அப்பாவும் மகனும் ‘மீட்புக் கடவுளர்’. அவர்களுக்கென்று ஆண்டுதோறும் ஒரு பூசாரி. அவர்கள் பெயரில் இரண்டு புதிய குலங்கள் (ஏதென்ஸ் தன் குடிமக்களைப் பிரித்துவைத்திருந்த பிரிவுகள்). அதீனாவுக்கு நான்கு ஆண்டுக்கு ஒரு முறை பெருவிழாவில் சாத்தும் ஆடையில் தெய்வங்களோடு இவர்கள் உருவத்தையும் நெய்ய வேண்டும். டெமெட்ரியஸ் ரதத்தைவிட்டு முதன்முதலாகக் கால் வைத்த இடத்தில் ஒரு பலிபீடம். அந்தப் பீடத்துக்கு வைத்த பெயர் ‘இறங்கி வருபவன்’.

அந்தப் பெயர் காற்றில் பிடித்தது அல்ல. கிரேக்கரின் தலைமைத் தெய்வம் ஜீயஸின் பெயர் அது. இடி விழுந்த இடத்தைக் கிரேக்கர்கள் வேலி கட்டி ஒதுக்கிவைப்பார்கள், யாரும் மிதிக்கக் கூடாது. அங்கே இறங்கியவன் ஜீயஸ். ரதத்திலிருந்து இறங்கியவனுக்கும் அதே சொல். தீர்மானம் எழுதியவனுக்கு நல்ல மொழியறிவு இருந்திருக்கிறது.

இதில் டெமெட்ரியஸ் தானாகச் சொல்லிக்கொண்டது எது? ஒன்றுமில்லை. நான் முப்பத்தொரு ஆண்டு ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவன். வரவேற்பு நோட்டீசில் தலைவர் பெயருக்கு முன்னால் நான்கு வரிப் பட்டங்களை எழுதிக்கொண்டு வருவது எப்போதும் வேறொருவர்தான், தலைவர் அல்ல. எழுதிக்கொண்டு வருபவருக்கு ஒரு சாலையோ, ஒரு கடைக்கு அனுமதியோ, பையனுக்கு ஒரு வேலையோ தேவைப்பட்டிருக்கும்.

ஜனவரி 4, இரவு 11.15

தூக்கம் வரவில்லை. விட்டுப்போன ஒன்று.

அந்த ஆடையை விழா ஊர்வலத்தில் எடுத்துப்போகும்போது நடுவழியில் சூறைக்காற்று வந்து கிழித்துவிட்டதாம். மீட்பர்களின் பலிபீடங்களைச் சுற்றி நஞ்சுச்செடி மண்டி முளைத்ததாம். இரண்டையும் எழுதிவைத்தவர் வாழ்க்கை வரலாறுகள் எழுதிய புளூட்டார்க். நானூறு ஆண்டு கழித்து எழுதியவர். ரசித்து எழுதியிருக்கிறார்.

ஜனவரி 5, காலை 7.30

‘அரசர்களுக்குக் கடவுள் பெயர் வைத்தார்கள் சரி, கடவுளுக்கே எதற்கு இத்தனை பெயர்’ என்று கேட்டிருக்கிறார் ஓர் ஆசிரியை. அம்மா, இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும். நான் அரசனிலிருந்து தொடங்கியது தவறு.

கிரேக்கனுக்கு ‘ஜீயஸ்’ என்று மட்டும் கூப்பிட்டால் வேலை நடக்காது. எந்த ஜீயஸ்? விருந்தாளியைக் காப்பவனா, சரணடைந்தவனைக் காப்பவனா, சத்தியத்துக்குச் சாட்சி நிற்பவனா, வீட்டு முற்றத்தில் இருப்பவனா, உக்கிராணத்தில் இருப்பவனா? ஒவ்வொருவனுக்கும் பெயர் வேறு, படையல் வேறு. ஒலிம்பியாவில் பலி கொடுக்கும்போது ஈ மொய்க்காமல் இருக்க ‘ஈ விரட்டும் ஜீயஸ்’ என்று தனியாக ஒருவன் உண்டு. அப்பல்லோவில் எலிக்கு ஒருவன், வெட்டுக்கிளிக்கு ஒருவன். வெட்டுக்கிளி அப்பல்லோவுக்கு ஏதென்ஸ் அக்ரோபொலிஸிலேயே வெண்கலச் சிலை இருந்தது, சிற்பி ஃபிடியாஸ் செய்தது என்று பயண எழுத்தாளர் பௌசானியஸ் சொல்கிறார்.

பெயர் தப்பினால் என்ன ஆகும்? செனபோன் தன் கதையையே எழுதியிருக்கிறார். கி.மு. 399. பாரசீகத்திலிருந்து பத்தாயிரம் கூலிப்படையினரை நடத்திக்கொண்டு வந்த அதே செனபோன், கையில் காசில்லாமல் லாம்ப்சகஸ் துறைமுகத்தில் நிற்கிறார். யூக்ளிடஸ் என்ற பழைய பழக்கக்காரர், குறி பார்ப்பவர், வந்து சந்திக்கிறார். எவ்வளவு தங்கம் சேர்த்தாய் என்று கேட்கிறார். ஊர் போய்ச் சேரவே காசில்லை, குதிரையை விற்றால்தான் உண்டு என்று இவர் சத்தியம் செய்கிறார். அவர் நம்பவில்லை. பிறகு பலியின் உள்ளுறுப்புகளைப் பார்த்ததும் ‘இப்போது நம்புகிறேன், உனக்குப் பணம் வரவேயில்லை’ என்கிறார். கூடவே ஒன்று சொல்கிறார்: உன் வழியில் குறுக்கே நிற்பவர் ‘சாந்தமான ஜீயஸ்’. வீட்டில் இருந்தபோது நாம் அவருக்குக் கொடுத்தோமே, கிளம்பிய பிறகு கொடுத்தாயா? இல்லை. இத்தனை தூரமும் செனபோன் ‘அரசன் ஜீயஸ்’ஸுக்குக் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறார். அவர் வேறு, இவர் வேறு.

மறுநாள் ஓஃப்ரினியன் என்ற ஊரில், தங்கள் குல வழக்கப்படி பன்றிகளை முழுதாக எரித்துப் படைக்கிறார். அன்றைக்கே படைக்குச் சம்பளப் பணத்தோடு இரண்டு பேர் வருகிறார்கள். இவர் லாம்ப்சகஸில் ஐம்பது டாரிக் பொற்காசுக்கு விற்றிருந்த குதிரையை அவர்களே மீட்டுக்கொண்டு வந்து கையில் கொடுக்கிறார்கள். காசு வாங்க மறுத்துவிடுகிறார்கள். செனபோனுக்கு அந்தக் குதிரை பிடிக்கும் என்று கேள்விப்பட்டார்களாம்.

ஆக, தெய்வத்தின் பட்டப்பெயர் என்பது கதவு எண். எந்தக் கதவைத் தட்டுகிறோம் என்று சொல்வது.

ஜனவரி 5, காலை 7.50

‘சாந்தமான’ என்று எழுதினேன். அந்த ஜீயஸ் சாந்தமானவன் அல்ல. பாம்பு உருவத்தில் செதுக்குவார்கள், பாதாளத்தோடு தொடர்புள்ளவன். சாந்தமாக இருந்தால் தேவலை என்று அப்படிக் கூப்பிடுவது. பழிவாங்கும் பெண் தெய்வங்களை ‘நல்மனத்தார்’ என்றதும், கப்பலைக் கவிழ்க்கும் கருங்கடலை ‘விருந்தோம்பும் கடல்’ என்றதும் இதே வகை.

ஜனவரி 6, பிற்பகல் 2.05

இப்போது டெமெட்ரியஸுக்குத் திரும்புங்கள். ‘மீட்பன்’ என்பது ஏற்கெனவே ஜீயஸின் பெயர். விருந்தில் மூன்றாவது கோப்பை மதுவை அவன் பெயர் சொல்லித்தான் ஊற்றுவார்கள். ஏதென்ஸ் புதிதாக ஒரு புகழ்ச்சியைக் கண்டுபிடிக்கவில்லை. பழைய கதவு எண்ணைப் புதிய வீட்டுக்கு மாட்டியது.

கி.மு. 290ஐ ஒட்டி டெமெட்ரியஸ் மறுபடி நகருக்குள் வந்தபோது பாடிய பாட்டு ஒன்று பிழைத்திருக்கிறது. மற்ற தெய்வங்கள் தொலைவில் இருக்கின்றன, அல்லது அவற்றுக்குக் காது இல்லை, அல்லது அவை இல்லவே இல்லை; உன்னை நேரில் பார்க்கிறோம், நீ மரமும் அல்ல, கல்லும் அல்ல, உண்மையானவன் என்று போகிறது. மானம்கெட்ட பாட்டு என்று அன்றைக்கே ஏசியவர்கள் உண்டு. எல்லோரும் மேற்கோள் காட்டுவதும் இத்தனைதான். ஆனால் அடுத்த அடியைப் படியுங்கள். ஆகவே உன்னை வேண்டுகிறோம், முதலில் சமாதானம் கொண்டுவா. அதற்கு அடுத்து, அயத்தோலியர் (நடுக் கிரேக்கத்து எதிரிகள்) எங்களைச் சூறையாடுகிறார்கள், அவர்களைத் தண்டி. தாளம் போட்டுப் பாடிய மனு அது.

ஜனவரி 6, இரவு 8.20

‘தாலமிக்கு மீட்பன் என்று பெயர் கொடுத்ததும் ரோட்ஸ் தீவுக்காரர்கள்தானே’ என்று ஒருவர் எனக்குத் துணைக்கு வந்திருக்கிறார். ஆமாம். கி.மு. 305–304இல் இதே டெமெட்ரியஸ் ரோட்ஸை முற்றுகையிட்டான், அலெக்சாண்டரின் பழைய தளபதியும் எகிப்தின் அரசனுமான தாலமி தானியமும் ஆளும் அனுப்பினான், நகரம் பிழைத்தது, நன்றியாக அந்தப் பெயரைக் கொடுத்தார்கள். பௌசானியஸ் சொல்வது. என் கட்சிக்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

ஜனவரி 7, காலை 6.15

சான்று வேண்டும்போல இருக்கிறது. வரலாற்றாசிரியர் டயோடோரஸை எடுத்துப் பார்த்தேன். முற்றுகையை விரிவாக எழுதியவர் அவர். தாலமியைக் கடவுளாக வணங்கலாமா என்று ரோட்ஸ்காரர்கள் சீவாப் பாலைவனத்தில் உள்ள அம்மோன் தெய்வத்திடம் குறி கேட்டார்கள், ஆகும் என்று வந்தது, அவன் பெயரில் நகருக்குள் ஒரு வளாகம் கட்டினார்கள் என்கிறார். ‘மீட்பன்’ என்ற பெயரைப் பற்றி ஒரு சொல் இல்லை. பௌசானியஸ் ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டு பிந்தியவர். பொருத்தமாக இருக்கிறதே என்று இரண்டையும் யாரோ முடிச்சுப் போட்டிருக்கலாம். நேற்றிரவு நானும் அதைத்தான் செய்தேன்.

இதைவிட வேடிக்கை ஒன்று. இன்றைய முல்தான் பக்கம் அலெக்சாண்டர் கோட்டைச் சுவரிலிருந்து உள்ளே குதித்து அம்பு பட்டு விழுந்தபோது அவனைக் காப்பாற்றியது தாலமி, அதனால்தான் ‘மீட்பன்’ என்று ஒரு கதை. அதை மறுத்தவர் யார் தெரியுமா? தாலமியேதான். தான் எழுதிய வரலாற்றில், அன்றைக்கு வேறோர் இடத்தில் போரிட்டுக்கொண்டிருந்தேன் என்று எழுதிவைத்துவிட்டான். வரலாற்றாசிரியர் அர்ரியன் அதைக் குறிப்பிட்டு, மற்றவர்களைக் கடிந்துகொள்கிறார்.

ஜனவரி 7, காலை 9.00

‘அப்படியென்றால் உங்கள் கட்சி தோற்றதா?’ இல்லை. பெயரைக் கொடுத்தது எந்த ஊர் என்பதில்தான் குழப்பம். எஜியன் கடல் தீவுகளின் கூட்டமைப்பு அவனை ‘மீட்பன் தாலமி’ என்று தீர்மானத்தில் எழுதிய கல் இருக்கிறது. அவர்களுக்கு வரியைக் குறைத்தவன் அவன்.

ஜனவரி 8, இரவு 10.30

இன்று கேலிப் பெயர்கள். இதற்காகவே காத்திருந்தேன்.

நாலாம் அந்தியோக்கஸ், கி.மு. 175இல் சிரியாவில் பட்டத்துக்கு வந்தவன். நாணயத்தில் ‘எபிஃபானேஸ்’, கண்முன் வெளிப்பட்ட தெய்வம். கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் அவனை ‘எபிமானேஸ்’ என்றார், பித்துப் பிடித்தவன். கிரேக்கத்தில் ஓர் எழுத்துதான் வேறு. புரூஃப் பார்ப்பவனாக இதைப் படித்தபோது எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது. தமிழில் இந்த வசவு எடுபடாது, பித்தன் என்றால் நாம் சிவனைப் புகழ்ந்ததாகிவிடும்.

பாலிபியஸுக்குக் காரணம் இருந்தது. அந்தியோக்கஸ் பொதுக் குளியலறைக்குப் போவான். அங்கே ஒருவன், ‘உங்களைப்போல் அரசர்களுக்கென்ன, இப்படி வாசனைத் தைலம் பூசிக்கொள்கிறீர்கள்’ என்று சொல்லியிருக்கிறான். மறுநாள் அவன் தலையில் ஒரு பெரிய ஜாடி தைலத்தைக் கொட்டவைத்தான் அரசன். எல்லோரும் அதில் புரள ஓடிவந்து வழுக்கி விழுந்தார்கள். வெளிப்பட்ட தெய்வமும் விழுந்தது.

எகிப்தில் எட்டாம் தாலமி. அதிகாரபூர்வமாக ‘எவெர்கெதேஸ்’, உபகாரி. அலெக்சாந்திரியாக்காரர்கள் அதை ‘ககெர்கெதேஸ்’ ஆக்கினார்கள். இதற்கு மட்டும் தமிழ் அச்சாக ஒத்துழைக்கிறது: உபகாரி, அபகாரி. அவனுக்கு இன்னொரு பெயர் ‘தொப்பையன்’. ரோமிலிருந்து ஸ்கிப்பியோ தூதராக வந்தபோது, அவருக்கு நகரத்தைச் சுற்றிக்காட்ட அரசன் மூச்சு வாங்க நடந்தான். ஸ்கிப்பியோ பக்கத்திலிருந்த நண்பரின் காதில், நாம் வந்ததில் இந்த ஊருக்கு ஒரு நன்மை, தங்கள் அரசன் நடப்பதைப் பார்த்துவிட்டார்கள் என்றாராம்.

அடுத்த தாலமிக்குக் ‘கொண்டைக்கடலை’. சிரியாவில் ஒருவன் ‘வளைமூக்கன்’. மாசிடோனியாவில் ஒரு அந்திகோனஸ் ‘தரப்போகிறவன்’. எப்போது கேட்டாலும் தருகிறேன் என்பான், தரமாட்டான்.

இன்னும் நுட்பமானவை, நல்ல பெயரையே கேலியாகச் சொல்வது. கொண்டைக்கடலைத் தாலமிக்குத் ‘தாயன்பன்’ என்றும் ஒரு பட்டம். பெற்ற தாயால் இந்த அளவு வெறுக்கப்பட்ட அரசன் வேறு எவனும் இல்லை, கிண்டலுக்கு வைத்தது என்கிறார் பௌசானியஸ். பத்தாம் அந்தியோக்கஸ் ‘பக்திமான்’. அவன் மணந்த செலீனி, முன்பு அவனுடைய பெரியப்பாவுக்கும், பிறகு அப்பாவுக்கும் மனைவியாக இருந்தவள். சிரியாக்காரர்கள் சிரித்துக்கொண்டேதான் இந்தப் பெயரைக் கொடுத்திருப்பார்கள் என்று வரலாற்றாசிரியர் அப்பியன் எழுதுகிறார்.

ஜனவரி 8, இரவு 10.55

பெரியப்பாவா, சித்தப்பாவா என்று ஒருவர் கேட்டுவிட்டார். வளைமூக்கனும் அவன் அப்பாவும் ஒரே தாய்க்கு வெவ்வேறு கணவர்மாரிடம் பிறந்தவர்கள். அந்தக் கணவர்மார் உடன்பிறந்த அண்ணன் தம்பி. வளைமூக்கன் மூத்தவன். பெரியப்பா என்றே இருக்கட்டும். அந்தக் குடும்பத்துக்கு உறவுமுறை எழுத நம்முடைய சொற்களே போதவில்லை.

ஜனவரி 10, மாலை 5.00

இரண்டு நாள் யோசித்ததில் என் முதல் குறிப்பு கொஞ்சம் மிகை என்று படுகிறது. கேட்ட தம்பி பாதி சரிதான்.

எகிப்தில் நடந்தது வேறு. இரண்டாம் தாலமி தன் தாய் தந்தையரைத் தெய்வமாக்கினான். பிறகு தானும், உடன்பிறந்த அக்காவும் மனைவியுமான அர்சினோயியும் ‘உடன்பிறந்த தெய்வங்கள்’ ஆனார்கள். இதற்கு எந்த ஊரும் மனுப் போடவில்லை, அரண்மனையே செய்துகொண்டது. (‘உடன்பிறப்பன்பர்’ என்ற பட்டம் முதலில் அக்காவினுடையது. அவனுக்கு அது பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது. புத்தகங்கள் அவன் பெயரோடு சேர்த்தே அச்சடிக்கின்றன.) அதன் பிறகு ஒவ்வொரு தலைமுறைக்கும் ஓர் இணை சேர்ந்தது: உபகாரத் தெய்வங்கள், தந்தையன்புத் தெய்வங்கள், வெளிப்பட்ட தெய்வங்கள். இவர்கள் அத்தனை பேருக்கும், இவர்களுக்கு முன்னால் அலெக்சாண்டருக்கும் சேர்த்து அலெக்சாந்திரியாவில் ஒரே பூசாரி, ஆண்டுக்கு ஒருவர். ஒப்பந்தப் பத்திரங்களில் தேதி போடும்போது அந்தப் பூசாரியின் பெயரையும் இந்தத் தெய்வ வரிசையையும் எழுதிவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும். கிராமத்தில் இருவர் கடன் பத்திரம் எழுதினாலும் தொடக்கம் அதே தெய்வ வரிசைதான். எழுதி எழுதிக் கை மரத்துப்போயிருக்கும். நான் புரூஃப் பார்த்த காலத்தில் அழைப்பிதழின் முதல் ஆறு வரியை யாரும் படித்ததில்லை. பிழை இருந்தால் மட்டும் எல்லோர் கண்ணிலும் படும்.

ஆனாலும் முழுக்க விட்டுக்கொடுக்க மாட்டேன். மூன்றாம் தாலமி ஏன் உபகாரி என்று கி.மு. 238இல் கனோபஸில் கூடிய எகிப்தியப் பூசாரிகள் தீர்மானம் எழுதினார்கள். நைல் வெள்ளம் குறைந்து பஞ்சம் வரும் நிலையில் சிரியா, பினீசியா, சைப்ரஸிலிருந்து அதிக விலை கொடுத்துத் தானியம் வாங்கி வந்தான், பாரசீகர் தூக்கிப்போன தெய்வத் திருமேனிகளைத் திரும்பக் கொண்டுவந்தான் என்று கணக்குச் சொல்கிறது கல். ரோசெட்டாக் கல்லும் அப்படியே. கி.மு. 196, ஐந்தாம் தாலமிக்குப் பதினான்கு வயதுகூட நிரம்பவில்லை. ‘வெளிப்பட்ட தெய்வம், நன்றியுள்ளவர்’ என்று பட்டம் சொல்லிவிட்டு, எந்த வரியைத் தள்ளுபடி செய்தான், கோயில்களுக்கு எதை விட்டுக்கொடுத்தான் என்று பத்தி பத்தியாக அடுக்குகிறார்கள். பட்டத்துக்குக் கீழே ரசீது இருக்கிறது.

உண்மையிலேயே தானாகச் சொல்லிக்கொண்டவன் வேண்டுமா? பாக்டிரியாவில், இன்றைய ஆப்கானிஸ்தான் பக்கம், அந்திமாக்கஸ். உயிரோடு இருக்கும்போதே நாணயத்தில் ‘கடவுள் அந்திமாக்கஸ்’ என்று அடித்தான். அவனுக்கு எந்த ஊர் மனுக் கொடுத்தது என்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. அவன் உங்களுக்கு, தம்பி.

ஜனவரி 10, மாலை 5.20

ஆனால் சிரியாவின் இரண்டாம் அந்தியோக்கஸுக்கு ‘கடவுள்’ என்ற பட்டம் மிலெட்டஸ் நகரம் கொடுத்தது. டிமார்க்கஸ் என்ற கொடுங்கோலனை ஒழித்ததற்காக. இவன் எனக்கு.

ஜனவரி 12, காலை 11.40

என் மைத்துனரிடம் பழைய நாணயங்கள் சில இருக்கின்றன. நேற்று போய் ஒன்றை வாங்கி வந்து, புரூஃப் பார்க்கப் பயன்படுத்திய அதே பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். மெனாண்டரின் வெள்ளிக்காசு, பௌத்த நூல்களின் மிலிந்தன். கி.மு. 150ஐ ஒட்டிப் பஞ்சாப் பக்கம் ஆண்டவன். எடை இரண்டரை கிராமுக்குச் சற்றுக் குறைவு, நகத்தின் அளவு. ஒரு பக்கம் தலையில் நாடா கட்டிய அரசன், சுற்றிலும் கிரேக்கத்தில் ‘மீட்பன் அரசன் மெனாண்டருடைய’. எல்லாம் ஆறாம் வேற்றுமையில் இருக்கும். என்ன பொருள் என்று சொல்லாது, யாருடையது என்று மட்டும் சொல்லும். மறுபக்கம் அதீனா கேடயம் பிடித்து இடியை ஓங்கி நிற்கிறாள். அவளைச் சுற்றி வலமிருந்து இடமாக கரோஷ்டி எழுத்து, அந்த வடமேற்குப் பகுதியின் பழைய எழுத்து: ‘மகாராஜஸ த்ரதரஸ மெனம்த்ரஸ’.

அந்த ‘த்ரதர’ என்பதைத்தான் பார்க்க வேண்டும். காப்பவன். கிரேக்க மீட்பனை யாரோ ஓர் அக்கசாலைக் கணக்கர் பிராகிருதமாக்கியிருக்கிறார். இரண்டாயிரத்து நூறு ஆண்டுக்கு முந்தைய மொழிபெயர்ப்பு, ஒரே சொல், அடிக்குறிப்பு இல்லை. அந்த மனிதர் பெயர் தெரிந்தால் நான் மாலை போடுவேன்.

சொல் அங்கேயே நிற்கவில்லை. மத்தியப் பிரதேசம் விதிஷாவுக்குப் பக்கத்தில் பெஸ்நகரில் ஒரு கல்தூண். தட்சசீலத்திலிருந்து அந்தியால்கிடஸ் என்ற கிரேக்க அரசனின் தூதனாக வந்த ஹீலியோடோரஸ், தேவதேவனான வாசுதேவனுக்கு நட்ட கருடத்தூண் அது. அதில் உள்ளூர் அரசன் பாகபத்ரனைக் குறிக்கும்போது அதே ‘த்ரதர’ வருகிறது. இந்திய அரசர்கள் பெயரோடு வழக்கமாக வரும் பட்டம் அல்ல இது. தன் ஊர் நாணயத்தில் பார்த்துப் பழகிய மரியாதையை, தூது வந்த இடத்தில் கிரேக்கன் கொடுத்திருக்கிறான். இதற்கு பாகபத்ரன் என்ன செய்தான் என்று தூணில் இல்லை. தூதன் வெறுங்கையோடு அனுப்பப்பட்டிருக்க மாட்டான் என்று என் தொழில் புத்தி சொல்கிறது.

ஜனவரி 13, இரவு 9.10

‘தமிழில் எப்படிச் சொல்வது’ என்று ஆசிரியை கேட்டிருக்கிறார். மீட்பன், காப்பவன் இரண்டையும் கலந்தே எழுதிவந்திருக்கிறேன், பிடிபட்டுவிட்டேன். லூக்கா சுவிசேஷத்தில் பெத்லகேமில் பிறந்தவரை ‘இரட்சகர்’ என்று சொல்லும் இடத்தில் கிரேக்க மூலத்தில் இருப்பது இதே நாணயச் சொல், ‘சோத்தேர்’. அதே லூக்காவின் இருபத்திரண்டாம் அதிகாரத்தில் புறஜாதியாரின் ராஜாக்கள் பற்றிப் பேசும்போது, அதிகாரம் செலுத்துகிறவர்கள் ‘உபகாரிகள்’ என்னப்படுகிறார்கள் என்று பழைய தமிழ் வேதாகமம் சொல்லும். தொப்பையனின் பட்டம்தான். தேவாலயத்தில் அதைக் கேட்டு வளர்ந்தவர்களில் எத்தனை பேருக்குத் தொப்பையன் நினைவு வந்திருக்கும்? அன்றைக்குக் கிரேக்கத்தில் கேட்டவர்களுக்கு அரசர்களின் பட்டம் நினைவுக்கு வந்திருக்கலாம்.

மொழிபெயர்க்க முடியாமல் திணறியதில் நமக்கு முன்னோடி ரோமானிய வழக்கறிஞர் சிசரோ. கி.மு. 70இல் சிசிலியைக் கொள்ளையடித்த ஆளுநர் வெர்ரஸ் மீது வழக்கு நடத்தியபோது எழுதியது. சிராக்யூஸில் வெர்ரஸின் பெயருக்குக் கீழே ‘சோத்தேர்’ என்று பொறித்திருப்பதைப் பார்த்தேன், இது எவ்வளவு பெரிய சொல் தெரியுமா, லத்தீனில் ஒரே சொல்லில் சொல்ல முடியாது, பிழைப்பைத் தந்து காப்பாற்றியவன் என்று பொருள் என்கிறார். கொள்ளையடித்தவனுக்கு அந்த ஊர் ஏன் அதைப் பொறித்தது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. ‘சாந்தமான ஜீயஸ்’ குறிப்பை மறுபடி படியுங்கள்.

ஜனவரி 16, காலை 8.00

ஈரானை ஆண்ட பார்த்திய அரசர்களின் நாணயம் ஒன்றின் படத்தை ஒருவர் போட்டிருக்கிறார். அரசர்க்கரசன், உபகாரி, நீதிமான், வெளிப்பட்டவன், கிரேக்கரின் அன்பன். நான்கு பக்கமும் சதுரமாக வேலி கட்டியதுபோல் எழுத்து. போகப்போகக் கிரேக்கம் தெரியாத ஆட்கள் அச்சு வெட்டினார்கள், எழுத்து வெறும் கோடாகிவிட்டது. துருக்கியில் நெம்ருத் மலை உச்சியில், 2,100 மீட்டருக்கு மேல், தெய்வங்களோடு சரிசமமாக உட்கார்ந்த கமகேனி நாட்டு அந்தியோக்கஸின் பட்டத்தில் கிரேக்கரோடு ‘ரோமரின் அன்பன்’ என்பதும் சேர்ந்திருக்கிறது. யார் பக்கத்து வீட்டில் பலசாலி என்று அதிலேயே தெரியும்.

ஜனவரி 19, இரவு 10.15

தம்பி திரும்பி வந்து கேட்கிறார்: ‘யாராவது ஒருவனாவது இந்தப் புகழ்ச்சியை வேண்டாம் என்று சொன்னானா?’

முழுக்க வேண்டாம் என்றவனைக் காட்ட முடியாது. சிரித்தவனைக் காட்ட முடியும். டெமெட்ரியஸின் அப்பன், ஒற்றைக்கண் அந்திகோனஸ். ஹெர்மோடோட்டஸ் என்ற கவிஞர் அவனைச் சூரியன் மகன் என்று பாடியபோது, என் மலச்சட்டியை எடுத்துக் கொட்டுகிறவனுக்கு இது தெரியாதே என்றான். ஏதென்ஸ் தன்னை மீட்புக் கடவுள் என்றபோது இவன் என்ன சொன்னான்? மறுத்ததாக எங்கும் இல்லை. கவிஞனைக் கேலி செய்யலாம், ஓர் ஊரின் தீர்மானத்தை அப்படிச் செய்ய முடியாது போலும்.

ஜனவரி 20, காலை 6.40

அந்தத் தீர்மானங்கள் கடைசியில் என்ன ஆயின என்று சொல்லாமல் விட்டிருக்கிறேன்.

கி.மு. 200. டெமெட்ரியஸின் வழிவந்த ஐந்தாம் பிலிப் ஏதென்ஸின் புறநகர்களைக் கொளுத்தினான். நகர மன்றம் மறுபடி கூடியது. பிலிப்புக்கும் அவன் முன்னோர்களுக்கும், ஆண் பெண் இருபாலாருக்கும், வைத்த சிலைகள், கல்வெட்டுகள், விழாக்கள், பூசாரிப் பதவிகள் எல்லாம் நீக்கப்பட வேண்டும். நகரத்துக்காகப் பூசாரிகள் வேண்டிக்கொள்ளும்போதெல்லாம் பிலிப்பையும் அவன் குடியையும் சபிக்க வேண்டும். அந்திகோனஸ், டெமெட்ரியஸ் பெயரிலிருந்த இரண்டு குலங்களும் போயின. உதவிக்குக் கப்பலோடு வந்த பெர்கமம் அரசன் அத்தாலஸின் பெயரில் அதே ஆண்டு புதிதாக ஒரு குலம் வந்தது.

உளி எடுத்தவர்கள் ஒவ்வொரு கல்லாகத் தேடிப் போயிருக்கிறார்கள். தீர்மானத்தின் மற்ற வரிகளை விட்டுவிட்டு, பெயர் இருந்த இடத்தை மட்டும் கொத்தியிருக்கிறார்கள். அது புரூஃபில் சொல்லை அடிப்பதைப் போன்ற வேலை. அடிப்பவனுக்கு ஒன்று தெரியும், அடித்த இடம்தான் முதலில் கண்ணில் படும். அந்தக் காலத்து ஏதென்ஸ் கல்வெட்டுகள் பலவற்றில் எழுத்துகளைக் கட்டம் போட்டதுபோல் ஒன்றன்கீழ் ஒன்றாக நிறுத்தியிருப்பார்கள். பள்ளமான அந்த இடத்தில் மேல் வரியைப் பார்த்து எத்தனை எழுத்து என்று எண்ணினால் போதும். ‘அந்திகோனஸ்’, ‘டெமெட்ரியஸ்’, ‘மீட்பர்கள்’ என்று வரிசையாக உட்கார்ந்துகொள்கின்றன.